பெரட்டுக்கு வராதவள்

புக்கிட் செலம்பாவ்
3 பிப்ரவரி 2025

தங்கை மருதம்மாளுக்கு அண்ணன் பிச்சை எழுதுவது.

இங்கு நான் நலம். இடது முட்டி மட்டும் நலமில்லை. அது உன்னைப் போலத்தான், சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. உன் சர்க்கரை எந்த மட்டில் இருக்கிறது?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உன் மகள் லோகேஸ்வரி சிரிப்பாள். சிரிக்கட்டும். போன தீபாவளிக்கு நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ போனை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பாதியில் மடித்து வைத்தாலும், மறுபடி பிரிக்கும்போது விட்ட இடத்திலேயே நான் நிற்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கோயில் கமிட்டிக்கு நான் மனு எழுதுவதை நிறுத்த வேண்டும் என்று என் மகன் குணாளன் தன் பழைய டேப்லட்டை என்னிடம் கொடுத்து, இந்தத் தோட்ட விளையாட்டைப் போட்டுவிட்டான். உனக்கு அங்கே லோகேஸ்வரி போட்டுக் கொடுத்திருக்கிறாள். இருவரும் கூடிப் பேசிச் செய்த வேலை. தோட்டம் என் பேரில் இருக்கிறது. நீ அதில் ஆள். காலை பத்து மணிக்கு இருவரும் உள்ளே வந்தால் அரைமணி நேரத்தில் அங்கே ஒரு பகல் முடிகிறது. "அத்தையும் நீங்களும் ஒரே எடத்துல இருந்தாப் போதும்பா, ஜெயிக்கணும்னு இல்லலா" என்கிறான் குணாளன். ஜெயிக்கத் தேவையில்லை என்று சொல்லித்தான் இவன் பள்ளிக்கூடத்திலும் படித்தான்.

நான் விளையாட்டுக்கு விளையாடுகிறவன் இல்லை. ரப்பர் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவன். கையில் கிடைத்தபோது அது காடு. கோணல்மாணலாக நின்ற மரங்களை வெட்டினேன். பூச்செடிகளைப் பிடுங்கினேன். எல்லாவற்றையும் நிரை பிடித்து நட்டேன். ஒரு மணி வாங்கித் தொங்கவிட்டிருக்கிறேன். அங்கே ஐந்தரைக்கு அதை அடித்துப் பெரட்டு வைக்கிறேன். நிஜத் தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டோமே, அதேதான். இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகமும் போட்டிருக்கிறேன். ஆள் வந்தால் பேருக்கு நேரே ஒரு கோடு, வராவிட்டால் ஒரு சுழி.

மூன்று வாரமாக உன் பேருக்கு நேரே இருபத்தொரு சுழி. ஒருநாள்கூட நீ மண்வெட்டியைத் தொடவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவில்லை. எதற்கு உள்ளே வருகிறாய் என்று எழுது.

லோகேஸ்வரிக்கும் அவள் புருஷன் விக்னேஸ்வரனுக்கும் என் விசாரிப்பைச் சொல்.

பிச்சை


கோலா கெடா
17 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு மருதம்மாள் எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. சர்க்கரை எட்டில் இருக்கிறது, கொஞ்சம் கூடுதல்தான். முட்டிக்கு வேப்பெண்ணெயைச் சூடு காட்டித் தடவுங்கள். தடவ மாட்டீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன்.

உங்கள் தோட்டத்தைப் பார்த்தேன். கோழிகூட நிரையில் நிற்கிறது. நீங்கள் மணி அடித்ததும் அது பயந்துபோய் முட்டை போடுகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். லோகேஸ்வரி சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைத் துணியில் ஊற்றிக்கொண்டாள்.

நான் பதின்மூன்று வயதில் கத்தி எடுத்தேன். ஐம்பத்து மூன்றில் கீழே வைத்தேன். நாற்பது வருடம் இருட்டோடு எழுந்து ரப்பர் பால் வெட்டியாயிற்று. இப்போது விளையாட்டிலும் எழுந்து வேலைக்குப் போ என்றால் எப்படி அண்ணே? எனக்குப் பிடித்த மாதிரி நான் விளையாடுகிறேன். உங்கள் வேலைக்குக் குறுக்கே வரவில்லை. சுழி போடுவது உங்கள் வேலை, போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வாரமாகக் காற்று. லங்காவித் தீவுப் படகுகள் நேரத்துக்குப் போவதில்லை. மீன் விலை ஏறிவிட்டது.

குணாளன் சாப்பிட்டுவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போகிறானா? பார்த்துக்கொள்ளுங்கள்.

மருதம்மாள்


புக்கிட் செலம்பாவ்
2 மார்ச் 2025

மருதம்மாளுக்கு,

எல்லாரும் நலம். வேப்பெண்ணெய் தடவவில்லை.

பிடித்த மாதிரி விளையாடுவது என்று எழுதியிருந்தாய். உலகத்தில் எவனும் எதையும் ஒழுங்காக விளையாடுவதில்லை என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது. குணாளனிடம் ஒரு சண்டை விளையாட்டு இருக்கிறது. துப்பாக்கி, பீரங்கி எல்லாம் உண்டு. இவன் சுடுவதே இல்லை. சிப்பாய்க்கு எந்தக் கால்சட்டை, எந்தத் தொப்பி என்று இரண்டு மணி நேரம் மாற்றிக்கொண்டிருக்கிறான். பிறகு அவனை ஒரு மலைமேல் நிறுத்தி எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிறான். எதிரி வந்து சுட்டுவிட்டுப் போகிறான். இவன், "பரவால்லப்பா, சட்டை நல்லாருக்கு" என்கிறான். கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற அய்யூப் பாய் பந்து விளையாட்டில் இருப்பதிலேயே சோப்ளாங்கிக் குழுவைத் தேர்ந்தெடுத்து நாளுக்கு ஆறு ஆட்டம் தோற்கிறார். தோற்பதற்கு ஒரு மெஷின் எதற்கு? உன் மருமகன் பகலெல்லாம் மீன் லாரி ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து டிவியில் லாரி ஓட்டுகிறாராமே. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லாதபோதும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறாராம். யாருக்குப் பயந்து?

ஆனால் இவர்கள் எல்லாரையும் நீ தோற்கடித்துவிட்டாய். நேற்று பெரட்டை முடித்துவிட்டு உன் பின்னாலேயே வந்தேன். மணி அடித்ததும் நீ வீட்டை விட்டு வருகிறாய். வேலி ஓரமாக நடந்து கேட்டுக்குப் போகிறாய். அங்கே பஸ் நிற்கிற இடத்தில் நிற்கிறாய். ஆறு மணிக்குப் பட்டணத்துப் பஸ் வருகிறது. கதவு திறக்கிறது. நீ ஏறுவதில்லை. பஸ் போகிறது. அதற்குப் பிறகும் மத்தியானம் வரை அதே இடத்தில் நிற்கிறாய். பெஞ்சு இருக்கிறது, உட்காருவதும் இல்லை. மத்தியான பஸ் திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறாய். ஏழு வாரமாக இதுதான் உன் விளையாட்டா?

இருபத்தாறு வருடம் பெரட்டுப் புத்தகம் எழுதியிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், எழுத்தை நானே கூட்டிக் கற்றுக்கொண்டவன். அந்தப் புத்தகத்தில் ஒரு அடித்தல் கிடையாது. தப்பாக எழுதினாலும் அடிக்க மாட்டேன். அடித்தால் பின்னால் கணக்குப் பார்க்கிற கிராணிக்குச் சந்தேகம் வரும். முதல் வரியில் என் பேரைத்தான் எழுதுவேன், அதற்கு நேரே ஒரு சுழி விழுந்ததில்லை. காய்ச்சலோடு நின்றிருக்கிறேன். அப்படிப்பட்டவன் புத்தகத்தில் கூடப்பிறந்தவளே வரிசையாகச் சுழி வாங்கினால் மற்ற ஆட்கள் என்ன நினைப்பார்கள்?

மற்ற ஆட்கள் இல்லை என்று எழுதாதே. அது எனக்கும் தெரியும்.

பிச்சை


கோலா கெடா
25 மார்ச் 2025

அண்ணனுக்கு,

இங்கே நலம். கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. கண்ணாடியை மாற்றினேன்.

மாப்பிள்ளையிடம் நீங்கள் கேட்டதைச் சொன்னேன். "பகல்ல நின்னா பின்னால இருக்கிறவன் ஹார்ன் அடிக்கிறான் அத்தை. இதுல யாரும் அடிக்கிறதில்ல. அதான் நிக்கிறேன்" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

நான் நிற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பஸ் வரும்போது தூரத்திலிருந்தே சத்தம் கேட்கிறது. நம் பழைய பஸ்ஸின் சத்தம் மாதிரியே செய்திருக்கிறார்கள். கதவு மடங்கித் திறக்கிறது. கொஞ்ச நேரம் திறந்தபடி நிற்கிறது. பிறகு மூடிக்கொள்கிறது. அது போன பிறகு புழுதி அடங்குவதைக்கூடப் போட்டிருக்கிறார்கள். நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

உங்கள் வெண்டைக்காய் காய்த்திருப்பதைப் பார்த்தேன். முற்ற விடாதீர்கள்.

மருதம்மாள்


புக்கிட் செலம்பாவ்
9 ஏப்ரல் 2025

மருதம்மாளுக்கு அண்ணன் எழுதுவது.

வெண்டைக்காயை எப்போது பறிப்பது என்று மண்வெட்டி தொடாதவள் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். நலமா?

ஒரு முக்கியமான விஷயம். விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது. நூறு நாள் தொடர்ந்து, ஒரு வேலைகூட பாக்கி இல்லாமல் தோட்டத்தை நடத்தினால் மேற்பார்வைக்காரர் வந்து தங்கப் பதக்கத்தைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். ஒருநாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. இன்றைக்கு முதல் நாள். மலேசியா முழுக்க இதை முடித்தவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை என்று குணாளன் தேடிச் சொன்னான். "நம்ம ஊரு ஆளு யாரும் இல்லப்பா. எல்லாருக்கும் வேலவெட்டி இருக்குமில்ல" என்றான். அவனுக்கு வாய் மட்டும் என்னைப் போல.

பழைய தோட்டத்தில் எனக்கு ஒருவரும் ஒன்றும் கொடுக்கவில்லை. தோட்டத்தை விற்ற அன்று துரை எல்லாருக்கும் ஒரு தேத்தண்ணி, இரண்டு பிஸ்கோத்து கொடுத்தார். இருபத்தாறு வருடத்துக்கு இரண்டு பிஸ்கோத்து. இந்தப் பதக்கத்தை நான் விடப்போவதில்லை.

இதில் உன் பங்கு வேலையும் இருக்கிறது. எட்டு மாடு, மேற்குப் பக்கத்து நிரை. நீ செய்யாவிட்டால் அதையும் நானே ஓடிச் செய்ய வேண்டும். எழுபத்தொரு வயதில் விரல் வலிக்கிறது. கேட்டுக்குப் போகிற வழியில்தான் மாட்டுக் கொட்டகை இருக்கிறது. போகிற போக்கில் கறந்துவிட்டுப் போனால் குறைந்தா போவாய்?

பதில் எழுது. நிற்பதைப் பற்றி வேண்டாம், மாட்டைப் பற்றி எழுது.

பிச்சை


கோலா கெடா
20 ஏப்ரல் 2025

அன்பு மாமாவுக்கு லோகேஸ்வரி எழுதுவது.

வணக்கம் மாமா. முட்டி வலி எப்படி இருக்கிறது? நான் கடிதம் எழுதிப் பல வருடமாகிறது, பிழை இருந்தால் திட்டாதீர்கள். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அம்மா விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பஸ் கதவு திறந்ததும் ஏறுவதற்கு அழுத்தினார். "தோட்ட முதலாளியின் அனுமதி இல்லை" என்று எழுத்து வந்தது. கதவு மூடிக்கொண்டது. "இது தெனமும் வருதாம்மா?" என்று கேட்டேன். "தெனமும் வருது" என்றார்.

மாமா, ஆட்கள் பட்டணத்துக்குப் போய்வர முதலாளி அனுமதி கொடுக்க வேண்டும். உங்கள் டேப்லட்டில் ஆட்கள் பட்டியலுக்குப் போனால் அம்மா பேருக்கு நேரே ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொட்டால் போதும். தெரியாமல் விட்டிருப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். அவர் போய்விட்டாலும் அவர் பங்கு வேலையை நீங்களே செய்துவிட்டால் உங்கள் பதக்கக் கணக்கு கெடாது.

மாமாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நீ சும்மா இருலா" என்றார். சரி, உனக்கென்று தனியாக ஒரு தோட்டம் போட்டுத் தருகிறேன், அங்கே நீயே முதலாளி, எந்த பஸ்ஸில் வேண்டுமானாலும் ஏறிக்கொள் என்றேன். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அதுல ஏறி நான் என்ன பண்ண?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை மாமா. உங்களுக்குப் புரிந்தால் சரி.

அன்புடன்
லோகேஸ்வரி


புக்கிட் செலம்பாவ்
27 ஏப்ரல் 2025

மருதம்மாளுக்கு,

உன் மகள் எழுதியிருந்தாள். அவளைத் திட்டாதே. திட்ட வேண்டிய ஆள் அவள் இல்லை.

அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். ஆட்கள் நினைத்தபோது பஸ் ஏறிப்போனால் அது தோட்டமா, சந்தையா? தெரிந்துதான் விட்டேன். வெளியே போக வேண்டியவர்கள் வாயைத் திறந்து கேட்க வேண்டும். பெரட்டில் அதுதான் முறை. ஊமை மாதிரி மூன்று மாதம் கேட்டில் நின்று என்னை வேடிக்கை காட்டுவது முறையில்லை.

நீ எதை நினைத்து நிற்கிறாய் என்று தெரியாத மடையன் இல்லை நான். நீ வாய் திறக்க மாட்டாய், நானே எழுதுகிறேன்.

1989 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. அம்மா சுங்கைப் பட்டாணி பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். நீ பெரட்டில் வந்து நின்றாய். "அண்ணே, ஆறு மணி பஸ்ஸுல போயி அம்மாவப் பாத்துட்டு மத்தியான பஸ்ஸுல வந்துர்றேன்" என்றாய். நான், "வெட்ட முடிச்சிட்டுப் போ" என்றேன். இதைத்தானே நெஞ்சில் வைத்திருக்கிறாய்?

அதற்கு முந்தின வாரம்தான் அழகேசனின் பெண்சாதி உடம்புக்கு முடியாத தன் அப்பாவைப் பார்க்கப் போகவேண்டும் என்று கேட்டாள். ஆள் பற்றாக்குறை, பால்வெட்டு முடித்துப் போ என்றேன். போனாள். வெட்டை முடித்துவிட்டுத்தான் போனாள். ஒரு வாரத்தில் என் தங்கைக்கு மட்டும் லீவு கொடுத்தால் எழுபது பேர் முன்னால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? மண்டோருக்கு உறவு கிடையாது. நியாயமாக இருந்தேன். இன்றைக்கு அதே பெரட்டு நடந்தால் அதையேதான் சொல்வேன்.

பத்து மணிக்கு அம்மா போய்விட்டாள் என்று ஆபீசுக்குப் போன் வந்தது. டாக்டருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? நீ பால் வாளியோடு ஸ்டோரில் நின்றுகொண்டிருந்தாய். நான்தான் வந்து சொன்னேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போனாய்.

நானும்தான் போகவில்லை. அவள் எனக்கும் தாய். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அன்றைக்கும் என் பேருக்கு நேரே கோடுதான் போட்டேன். மறுநாள் அடக்கத்தைக்கூட வெட்டு முடிந்து மத்தியானத்துக்கு வைத்துக்கொண்டேன்.

முப்பத்தாறு வருடம் கழித்து ஒரு பொம்மையைக் கேட்டில் நிறுத்தி என்னிடம் கணக்குத் தீர்க்கிறாயா? இதைவிட மட்டமாக யாரும் விளையாடி நான் பார்த்ததில்லை. அய்யூப் பாய் எவ்வளவோ மேல். அவர் தோற்று முடித்தால் சிரித்துக்கொண்டே கடையைப் பெருக்கப் போய்விடுகிறார்.

வேண்டுமென்றால் கேள். ஒரு வரி எழுதிக் கேள், கட்டத்தைத் தொடுகிறேன். கேட்காமல் கிடைக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிச்சை


புக்கிட் செலம்பாவ்
8 ஜூன் 2025

மருதம்மாளுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. ஆனால் காலை பத்து மணிக்கு ஒருநாள் தவறாமல் கேட்டில் வந்து நிற்கிறாய். ஆகவே உயிரோடு இருக்கிறாய் என்று தெரிகிறது. நலம் விசாரிக்கிற செலவு மிச்சம்.

நேற்று குணாளன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "அத்தை நின்னுக்கிட்டே இருக்காங்களேப்பா, பாவமா இருக்கு" என்றான். மாட்டை யார் கறக்கிறார்கள் என்று பார், யார் பாவம் என்று தெரியும் என்றேன்.

இன்றோடு அறுபத்தொரு நாள். உன் பங்கையும் சேர்த்து நான்தான் செய்திருக்கிறேன். இதையும் தெரிந்துகொள்.

பிச்சை


கோலா கெடா
30 ஜூன் 2025

அண்ணனுக்கு மருதம்மாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை ஏழுக்கு இறங்கியிருக்கிறது. லோகேஸ்வரி சோற்றைக் குறைத்துவிட்டாள்.

ஒரு வரி எழுதிக் கேட்கச் சொன்னீர்கள். ஒருமுறை கேட்டாயிற்று அண்ணே. இரண்டு முறை கேட்க எனக்கு வராது.

மழைக்கு முட்டி வலிக்கும். படி ஏறும்போது பார்த்து ஏறுங்கள்.

மருதம்மாள்


புக்கிட் செலம்பாவ்
5 ஜூலை 2025

மருதம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. பிடிவாதத்தில் நீ அப்பாவையே மிஞ்சிவிட்டாய். நான் அப்படியில்லை. நியாயத்துக்குக் கட்டுப்படுகிறவன்.

இன்றைக்கு எண்பத்தெட்டாம் நாள். இன்னும் பன்னிரண்டே நாள். இப்போது கட்டத்தைத் தொட்டு ஏதாவது கோளாறாகிக் கணக்குப் போய்விட்டால் எல்லாம் வீண். பதக்கம் கைக்கு வரட்டும். நூறாம் நாள் சாயங்காலம், நீ கேட்காமலே, நானே கட்டத்தைத் தொடுகிறேன். அதற்கு மறுநாள் ஆறு மணி பஸ்ஸில் தாராளமாகப் போய்விட்டு வா. இத்தனை நாள் நின்றவளுக்குப் பன்னிரண்டு நாள் பெரிதில்லை.

இதைவிட ஒரு மனிதன் இறங்கி வர முடியாது.

எல்லாருக்கும் விசாரிப்பு.

பிச்சை


கோலா கெடா
8 ஜூலை 2025

அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். கடிதம் படித்தேன்.

வெட்டை முடித்துவிட்டுப் போகச் சொல்கிறீர்கள். சரி அண்ணே.

மருதம்மாள்


புக்கிட் செலம்பாவ்
12 ஜூலை 2025

தங்கை மருதம்மாளுக்கு அண்ணன் பிச்சை எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் நேற்றுக் காலை ஒன்பதரைக்கு வந்தது. அதில் மொத்தம் மூன்று வரி. அதற்கு ஒரு தபால்தலை ஒட்டியிருக்கிறாய்.

நேற்று நடந்ததை நீயே பார்த்தாய். இருந்தாலும் முறையாக எழுதி வைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு உள்ளே வந்தேன். தொண்ணூற்று நான்காம் நாள். மணி அடிக்கவில்லை. மணி அடிக்காதபோதும் நீ வீட்டை விட்டு வந்து வேலி ஓரமாக நடந்தாய். ஆட்கள் பட்டியலைத் திறந்து உன் பேருக்கு நேரே இருந்த கட்டத்தைத் தொட்டேன். அது ஒரு சின்னக் கட்டம். கடுகளவு. முதல் தடவை விரல் சரியாகப் படவில்லை.

பஸ் வந்தது. கதவு திறந்தது. நீ ஏறினாய். நான் அங்கேயே நின்று மேற்கு நிரைக்குத் தண்ணீர் விட்டிருக்கலாம். மாடு கத்திக்கொண்டிருந்தது. ஏன் ஓடி வந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த முட்டியோடு நிஜத்தில் அப்படி ஓட முடியாது. கதவு மூடுமுன் நானும் ஏறிவிட்டேன். முதலாளிக்கு அனுமதி தேவையில்லை. அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. எந்த நாளும் நான் ஏறியிருக்கலாம்.

பட்டணமாம் பட்டணம். செய்தவனுக்கு வெட்கமில்லை. ஒரே தெரு, எட்டுக் கட்டடம். மூன்று பேர் ஒரே முகத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் சிலுவை போட்ட வெள்ளைக் கட்டடம் ஆஸ்பத்திரி. அதை நோக்கி நீதான் முன்னால் போனாய், நான் பின்னால் வந்தேன். வாசலில் போய் அழுத்திப் பார்த்தேன். எட்டுப் பத்துத் தடவை அழுத்தினேன். திறக்கவில்லை. அது கதவே இல்லை, சுவரில் கதவு மாதிரி வரைந்து வைத்திருக்கிறான். உள்ளே ஒன்றுமே செய்யவில்லையாம். குணாளனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டேன். "அது சும்மா டிசைன்பா" என்றான்.

இதற்குத்தான் நீ ஆறு மாதம் நின்றாய். ஒரு சும்மா டிசைனுக்கு.

நீ போய்விடுவாய் என்று நினைத்தேன். நீ அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாய். வேறு செய்ய ஒன்றுமில்லாததால் நானும் பக்கத்தில் நின்றேன். மத்தியானம் வரை அங்கே கடிகாரத்தில் ஆறு மணி நேரம், இங்கே கால்மணி. என் ஆயுளில் இவ்வளவு அர்த்தமில்லாமல் நான் எதையும் விளையாடியதில்லை. மத்தியான பஸ்ஸில் திரும்பினோம். மாடு கறக்கவில்லை, மேற்கு நிரை வாடிவிட்டது, கணக்கு ஒன்றுக்குப் போய்விட்டது. பதக்கம் இல்லை. அய்யூப் பாயிடம் சொன்னேன். அவர் சந்தோஷமாக, "வாங்க அண்ணே, நம்ம கட்சிக்கு வந்துட்டீங்க" என்று ஒரு தேத்தண்ணி கொடுத்தார். பிஸ்கோத்து இல்லை.

நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று இதை வைத்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அழகேசன் பெண்சாதிக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம் என்று நான் இருந்ததில்லை. விதி விதிதான். அதனால் நேற்றைக்குப் பெரட்டுப் புத்தகத்தில் விதிப்படிதான் எழுதியிருக்கிறேன். மருதம்மாள், சுழி. பிச்சை, சுழி.

கட்டத்தில் போட்ட அடையாளம் அப்படியே இருக்கிறது. நாளைக்கு ஐந்தரைக்கு மணி அடிப்பேன். வருவதும் பஸ் ஏறுவதும் உன் இஷ்டம்.

வேப்பெண்ணெய் எந்தக் கடையில் வாங்குகிறாய் என்று எழுது. இங்கே விற்பது தண்ணீர்.

பிச்சை

பின்குறிப்பு: பெரட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. தேதி எழுதும்போது ஜூலை 11 என்று நாளும் மாதமும் சரியாக எழுதிவிட்டு, வருடத்தை 1989 என்று எழுதியிருக்கிறேன். மை காய்ந்த பிறகுதான் பார்த்தேன். அடிக்கவில்லை. எழுதியதை அடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.